கோடு தெரியாத குப்பி

வயல்களுக்கு மருந்து தெளிக்கும் சின்ன விமானம் அது. ஓட்டுபவன் தம்பி. பழுது பார்ப்பவள் அவனுடைய அக்கா. தெளிப்பு இல்லாத இரண்டு மாதமும் பாதி டாங்க் பெட்ரோலோடு வெட்டவெளியில் நின்றது. பகலில் வெயில், இரவில் குளிர். டாங்கின் காலிப் பாதியிலிருக்கும் காற்றின் ஈரம் உள்சுவரில் வியர்த்து, வழிந்து, பெட்ரோலுக்கு அடியில் போய்த் தங்கிவிடும். அதனால்தான் கிளம்புமுன் அடிவால்வைத் திறந்து, கண்ணாடிக் குப்பியில் கொஞ்சம் பிடித்துப் பார்ப்பார்கள். தண்ணீர் கலந்திருந்தால் நடுவில் கோடு தெரியும்.

"சீக்கிரம்க்கா, காத்து கிளம்பிட்டா மருந்தடிக்க முடியாது."

அவள் குப்பியைத் தூக்கிப் பார்த்தாள். கோடு இல்லை.

"சுத்தமா இருக்குடா. கிளம்பு."

வேலியைத் தாண்டி ஏறும்போதே எஞ்சின் இருமியது. பிறகு சத்தமே இல்லை. அவள் ஓடிப் போனபோது விமானம் பக்கத்து வயலில் மூக்கைக் குத்திக் கிடந்தது. தம்பிக்கு வலது கால் இரண்டு இடத்தில் ஒடிந்திருந்தது.

அவனை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு ஷெட்டுக்குத் திரும்பியவள், மேஜையிலிருந்த குப்பியை முகர்ந்தாள். வாடையே இல்லை. விமானப் பெட்ரோல் இளநீலமாக இருக்கும். இதற்கு நிறமும் இல்லை. குப்பி முழுக்கத் தண்ணீர் என்றால் கோடு எங்கிருந்து வரும்? பதினோரு வருஷமாக இந்த வேலையில் இருப்பவளுக்கு இது தெரியாததல்ல.

மறுநாள் தம்பி மெதுவாகச் சொன்னான்: "விசாரிக்க வந்தவர்கிட்ட, டாங்கை நான்தான் பார்த்தேன்னு சொல்லிட்டேன்."

"ஏன்டா?"

"கால் ஒடிஞ்சவன் எப்படியும் உக்காந்துதான் இருக்கப்போறேன். பழியும் என் மடியிலயே உக்காரட்டும். நீ வாயத் திறக்காதே."

அன்று மாலையே அவள் குப்பியை மூடி எடுத்துக்கொண்டு விசாரணை அதிகாரியிடம் போனாள்.

"உங்க தம்பி வேற மாதிரி சொன்னாரே?"

"எனக்காகப் பொய் சொல்லிட்டான், சார். பார்த்தது நான்."

அவளுடைய லைசென்ஸை ஒரு வருஷம் முடக்கினார்கள். பொய் வாக்குமூலம் கொடுத்ததாகத் தம்பியின் பேரிலும் ஒரு குறிப்பு ஏறியது. அதை அவள் யோசித்திருக்கவில்லை.

"என்னைப் பொய்யன்னு எழுத வச்சுட்டியே" என்றான் அவன். அதோடு பேச்சை நிறுத்திவிட்டான். வீட்டுக்கு வந்த பிறகும் அவள் சோறு கொண்டுபோய் வைப்பாள், அவன் சுவரைப் பார்த்தபடி சாப்பிடுவான்.

பேச்சை நிறுத்திய இருபதாம் நாள், கைக்கு எட்டாத வாக்கரைக் காட்டி, "அதை இப்படித் தள்ளு" என்றான்.

தள்ளினாள். அக்கா என்று அவன் கூப்பிடவில்லை.