கால் ஆடிய வாக்கு மேசை

அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் ஒரு சர்ச் கூடம்தான் வாக்குச்சாவடி. மனைவி ஓட்டுப் போட்டுவிட்டு வரட்டுமென்று லாமண்ட் வாசலோரமாக நின்றான். உள்ளே மறைப்பு வைத்த வாக்கு மேசை ஒன்றின் கால் ஆடியது.

"எந்தப் புண்ணியவான் செஞ்சானோ, நிக்கவே மாட்டேங்குது!" என்று அலுத்துக்கொண்டார் தேர்தல் அலுவலர் மிஸ் வெர்னெல்.

"நான்தாங்க செஞ்சேன்" என்றபடி லாமண்ட் போய்க் குனிந்து, திருகாணியை ஒரு சுற்று முறுக்கினான். மேசை ஆடாமல் நின்றது.

"கெட்டிக்காரன்தான் தம்பி! வந்ததுதான் வந்தே, உன் ஓட்டையும் போட்டுட்டுப் போ."

"இது ஜெயில் பட்டறையில செஞ்சதுங்க. திருட்டுக் கேசு, ஒன்பது வருசம். முழுசா இருந்துட்டு வந்தாச்சு. ஆனாலும் இந்த மாநிலச் சட்டப்படி எங்களுக்கு மேசை செய்யத்தான் உரிமை, ஓட்டுப் போட இல்லீங்க."

மிஸ் வெர்னெல் வரிசையில் அடுத்தவரைக் கூப்பிட்டார்.