வேன்மேல் ஒட்டிய வெள்ளைத் தாள்

பல்கலைக்கழகத்தில் அவனுக்கு அளவுகோல் என்று பட்டப்பெயர். பொருத்தமாகத்தான் வைத்திருந்தார்கள். பல்கலைக்கழகத்தின் பெயரை எந்த எழுத்தில், எந்த நீலத்தில், சுற்றிலும் எவ்வளவு இடம் விட்டுப் போட வேண்டும் என்று நாற்பது பக்கத்துக்கு விதி எழுதிய மகராசன் அவன்தான். அழைப்பிதழோ இணையதளமோ, அந்தப் பெயர்ச்சின்னம் ஒரு நூல் விலகினாலும் திருப்பி அனுப்பிவிடுவான். அச்சகத்துக்காரர்கள் அவனைக் கரித்துக்கொட்டினார்கள்.

அந்த விதிகளில் ஒன்று, ஒப்பந்த ஊழியர்களின் அடையாள அட்டையில் பெயர்ச்சின்னம் வரக்கூடாது என்பது. போன மாதம் பழைய அட்டைகளைப் பிடுங்கிக்கொண்டு புதியவற்றைக் கொடுத்தார்கள். பெயர், போட்டோ, ஓர் எண், அவ்வளவுதான். அவனுடைய அக்கா அங்கே மாணவர் விடுதியில் மாலை ஷிப்டில் தரை துடைப்பவள். அம்மா போன பிறகு அவனை வளர்த்து ஆளாக்கியவளும் அவள்தான். புது அட்டையை அவன் மூக்குக்கு நேரே ஆட்டினாள்.

“என்னடா இது, செருப்பு விட்டுட்டு வாங்குற டோக்கன் மாதிரி இருக்கு?”

“விதிக்கா. ஒப்பந்த ஆளுங்க யூனிவர்சிட்டி ஆளுங்க இல்ல.”

“அப்ப நான் யாரு ஆளுடா?”

கேட்டுவிட்டு அவளே சிரித்தாள். அவனும் சிரித்து மழுப்பிவிட்டான்.

இன்று காலை ஏழு மணிக்குப் பதிவாளர் போன் செய்தார். ஊழியர்களை ஏற்ற வந்த வேன் பாலத்துச் சுவரில் மோதிவிட்டது.

“டிரைவர் அங்கேயே போயிட்டான். முத ஸ்டாப்ல ஏறின பொம்பளை ஒண்ணு உள்ள மாட்டிக்கிட்டு இருக்கு. ஒப்பந்த ஆளுதான், காண்ட்ராக்டர் பாத்துப்பாரு. நீங்க டிவிக்காரங்க வர்றதுக்குள்ள நம்ம பேரை மறைச்சிடுங்க.”

காண்ட்ராக்டருக்குச் சொல்லியாயிற்றா என்று அவன் கேட்கவில்லை. அந்தப் பெண் யார் என்றும் கேட்கவில்லை. அக்காவுக்கு மாலை ஷிப்ட், பிறகென்ன? வெள்ளை ஸ்டிக்கர் சுருளை எடுத்துக்கொண்டு அலறியடித்து ஓடினான்.

வேனின் முன்பக்கம் உள்வாங்கிப் போயிருந்தது. பக்கவாட்டில், போன வருடம் அவனே அளந்து ஒட்டிய நீல எழுத்துகள் கீறல்கூட இல்லாமல் இருந்தன. மறுபக்கம் தீயணைப்புக்காரர்கள் கதவை அறுத்துக்கொண்டிருந்தார்கள். உள்ளேயிருந்து முனகல் கேட்டது. அவன் எட்டிப் பார்க்கவில்லை. பார்த்தால் கை நடுங்கும், தாளில் சுருக்கம் விழும். பாவி, அந்த நேரத்திலும் ஒரு காற்றுக்குமிழி இல்லாமல் தேய்த்துத் தேய்த்து ஒட்டினான்! டிவிக்காரர்கள் வந்தபோது அது ஏதோ ஒரு வெள்ளை வேன். பதிவாளர் அவனைத் தட்டிக்கொடுத்தார்.

மாலை ஆறு மணிக்கு அக்காவின் கணவர் கூப்பிட்டார்.

“மாப்ள, உங்கக்கா இன்னும் வீட்டுக்கு வரலப்பா. கூட வேலை செய்யறவளுக்கு உடம்பு சரியில்லன்னு காலைல அவளுக்குப் பதிலா போனா. போனும் எடுக்க மாட்டேங்குறா.”

ஆஸ்பத்திரிக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தான் என்று அவனுக்கே தெரியாது. பிணவறை வாசலில் ஒரு நர்ஸ் அம்மா நின்றிருந்தாள்.

“ரெண்டு மணி வரைக்கும் உசுரு இருந்துச்சு சார். ‘தம்பியக் கூப்பிடுங்க, எங்க ஆபீஸ்லதான் இருக்கான், ஓடி வந்துடுவான்’னு சொல்லிக்கிட்டே இருந்தாங்க. எந்த ஆபீஸ்னு கேக்கறதுக்குள்ள மயங்கிடுவாங்க. போன் நொறுங்கிப் போச்சு. வேன்ல பேரு இருந்துச்சான்னு ஆம்புலன்ஸ்காரரைக் கேட்டேன், வெறும் வெள்ளைன்னாரு. வாசலையே பாத்துக்கிட்டுக் கெடந்தாங்க, பாவம்.”

பிளாஸ்டிக் உறையில் போட்டிருந்த அட்டையை எடுத்துக் காட்டினாள். போட்டோவில் அக்கா சிரித்துக்கொண்டிருந்தாள்.

“இதுல ஆபீஸ் பேரைப் போட்டா என்ன சார் கொறஞ்சு போயிடும்? நானே போன் பண்ணியிருப்பேனே! எவன் சார் இப்படி மொட்டையா அடிச்சுக் குடுத்தான்?”

“நான்தான்.”

நர்ஸ் அம்மா அட்டையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

“நீங்க அவங்களுக்கு என்ன வேணும்?” என்று கேட்டாள்.