சரிபாதி வாடகை

திருமங்கலம் தையல் கூடத்தின் வரவு செலவைப் பிரித்துப் போட்டபோது, பாவாடைப் பக்கம் நஷ்டம் என்று வந்தது. தமிழ்வாணிக்குள் சின்னதாக ஒரு சந்தோஷம் எட்டிப் பார்த்தது. அந்தப் பக்கத்தை நடத்துவது கணவனின் அக்கா தங்கப்பொண்ணு. கல்யாணமான நாளிலிருந்து வாணி வைக்கும் ரசம் முதல் அவள் நடை வரை குறை சொல்லிவரும் மதினி.

“மாசக் கடைசியோட மூடிருவோம்,” என்றான் கணவன் சூர்யபிரகாஷ். நைட்டிப் பக்கம் அவனுடையது. “அக்காகிட்ட நீயே சொல்லிரு. கணக்குப் படிச்சவ சொன்னா கேக்கும்.”

அந்தச் சந்தோஷமே அவளை உறுத்தியது. மனசு ஆசைப்பட்ட விடை இவ்வளவு லேசில் கிடைத்ததை அவளால் நம்ப முடியவில்லை. மறுபடி முதலிலிருந்து போட்டாள்.

துணி, நூல், கூலி கழித்தால் பாவாடை லாபத்தில் நிமிர்ந்து நின்றது. வாடகையில் பாதியை ஏற்றியதும் சாய்ந்தது. ஒரே ஹாலில் நைட்டிக்குப் பன்னிரண்டு மிஷின், துணி வெட்டும் மேஜை, இஸ்திரி. பாவாடைக்கு மூலையில் நாலே மிஷின்.

“ஏங்க, பாவாடையை நிறுத்துனா வாடகை குறையுமா?”

“எப்படிக் குறையும்? ஹாலு அதேதான.”

“அப்ப மதினி குடுக்குற பாதிய யாரு குடுக்குறது?”

“அந்த நாலு மிஷின்லயும் நைட்டி தைக்கலாம்ல?”

“இருக்குற மிஷினுக்கே ஆர்டர் பத்தல. மூடுனா உங்க லாபந்தான் கரையும்.”

“சரிபாதின்னு நானா கேட்டேன்? அக்காதான் பிடிவாதமா நின்னுச்சு.”

மறுநாள் கூடத்தில் தங்கப்பொண்ணும் அதையே சொன்னாள். “தம்பி தயவுல பொழைக்கிறாள்னு ஒருத்தி சொல்லிரக் கூடாதுல்ல.”

“எடத்துக்குத் தக்கன குடுங்க மதினி. பாதி குடுக்குறதாலதான் உங்க பக்கம் நஷ்டமாத் தெரியுது.”

“எனக்குச் சலுகை காட்ட வந்துட்டியாக்கும்?”

“சலுகையெல்லாம் இல்ல. லேஸ் வச்ச பாவாடையை நிறுத்தச் சொல்லவும்தான் வந்தேன்.”

“ஏன், அதுக்கு என்ன கொறை? அம்புட்டு அழகா இருக்கு!”

“அழகாத்தான் இருக்கு. ஆனா துணிக்கும் லேஸுக்கும் கூலிக்கும் போடுற காசே திரும்பி வரல. விக்க விக்க நஷ்டம்.”

மதினியிடம் குறை சொல்லும் நாள் ஒன்று வரும், அன்றைக்கு நெஞ்சு குளிரும் என்று பல தடவை நினைத்திருக்கிறாள். இப்போது அந்தக் குளிர்ச்சி வரவில்லை. தங்கப்பொண்ணு கையிலிருந்த லேஸ் பாவாடையைத் தடவிப் பார்த்துவிட்டு மடித்து ஓரமாக வைத்தாள். கழுத்தில் கிடந்த டேப்பை உருவினாள்.

“புடி அந்த முனைய. என் எடம் எம்புட்டுன்னு நானே அளக்குறேன். நீ குறைச்சுச் சொன்னாலும் ஒத்துக்க மாட்டேன்.”

வாணி சுவரோரம் குனிந்து பிடித்தாள்.

“இழுத்துப் புடி. ரசந்தான் வைக்க வரல, டேப்பாவது புடி.”

வாணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மாற்றி மாற்றி வைத்து அளந்ததில் டேப் மிஷின்களைத் தாண்டிப் போய், ஒரு துணி மூட்டையில் முட்டி நின்றது.

“அது நைட்டித் துணி, மதினி. எங்க மூட்டை.”

“என் எடத்துல என்ன வேலை அதுக்கு? உன் புருசன எடுக்கச் சொல்லு,” என்றாள் தங்கப்பொண்ணு. “அங்க இன்னொரு மிஷின் போடலாம். போட்டா கட்டுபடி ஆகுமான்னு பாத்துச் சொல்லு.”