இரண்டாம் மாடியில் ஆயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு பெண்கள்

பதிப்பகத்தின் இரண்டாம் மாடியில் பெண்கள் நடக்கத் தொடங்கியது ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்தே கால் மணிக்கு. முதலில் வந்தவள் கவசம் போட்ட அரசி. ஆறாம் தொகுதியில் ஒரு கோட்டையை நாற்பது நாள் கைவிடாமல் வைத்திருந்தவள். அவளுக்குப் பின்னால், மூன்றாம் தொகுதியில் ஜன்னலோரம் இருபது வருடம் காத்திருந்தவள். அப்புறம் எட்டாம் தொகுதியில் வாயே திறக்காமல் ஒரு மதத்தைத் தொடங்கிய துறவி. அவர்களுக்குப் பின்னால் மாடிப்படி முழுக்க வரிசை. யாரையும் அவர்கள் தொந்தரவு செய்யவில்லை. அட்டை அலமாரியில் ஒரு இழுப்பறையைத் திறப்பது, பார்ப்பது, உதட்டைப் பிதுக்குவது, அடுத்த இழுப்பறைக்குப் போவது, அவ்வளவுதான். பதினோரு மணிக்கு டீ கொண்டுவந்தவர் தட்டைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு, சூடு சூடு என்று சொல்லியபடி நடுவில் புகுந்து போனார். அவர்களும் ஒதுங்கி வழிவிட்டார்கள்.

தவறு எங்கே என்று அட்டைக்காரிக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. இலக்கியம், வரலாறு, சமயம் மூன்றிலும் செல்வாக்குப் பெற்ற பெண்களைப் பற்றிய ஒன்பது தொகுதிகளுக்கு, எதை எந்தப் பக்கத்தில் தேடுவது என்று சொல்லும் பொருளடைவைத் தயாரிப்பது அவள் வேலை. ஒரு விஷயத்துக்கு ஒரு அட்டை, அட்டையில் பக்க எண்கள். பதினான்கு வருடமாக அதைச் செய்துவந்ததால் அவளுடைய பெயரே எல்லோருக்கும் மறந்து, அட்டைக்காரி ஆகியிருந்தாள். தலைமை ஆசிரியருக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு: காண்க சார். ஒரே செய்தி இரண்டு அட்டையில் வந்தால் அவருக்கு உடம்பெல்லாம் எரியும். ஒன்றை அடித்துவிட்டு 'காண்க' என்று மற்றதன் தலைப்பைப் போடச் சொல்வார். பெண்களைத் தனித்தனியாகப் பட்டியல் போட்டால் காகிதம் தாங்காது, எல்லாக் கதையும் சுற்றிச் சுற்றி அதே நாலு சங்கதிதானே என்பது அவர் கட்சி. எட்டு மாதம் அவர் சொன்னபடியே அட்டைக்காரி அடித்துக்கொண்டு வந்தாள். அரசி: காண்க, தாய். தாய்: காண்க, தியாகம். தியாகம்: காண்க, காத்திருத்தல். திங்கட்கிழமை சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்பும் அவசரத்தில் கடைசி அட்டையையும் முடித்தாள். காத்திருத்தல்: காண்க, அரசி. எண்கள் அடுத்த அட்டையில் இருக்கின்றன என்ற நம்பிக்கையில் ஒவ்வொரு அட்டையிலிருந்தும் எண்களை எடுத்தாயிற்று. ஒன்றிலும் ஒரு எண் மிச்சமில்லை.

புதன்கிழமை அவளுக்கும் வந்தது. நாற்காலியில் உட்கார்ந்தாள், அடுத்த நொடி அவளைக் கேட்காமலே கால்கள் எழுந்து நடந்தன. சாப்பிட்டது நடந்தபடி, பஸ்ஸில் வந்தது முன்னும் பின்னுமாக நடந்தபடி. தூங்கினாளா என்று கேட்டால், கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவில் கண்ணை மூடிக்கொண்டு போய்வந்தாள், அது தூக்கமா என்று அவளுக்கே தெரியவில்லை. டாக்டர் அவளோடு வராந்தாவில் நடந்துகொண்டே நாடி பார்த்து, ஒன்றுமில்லை, உட்கார்ந்து ஓய்வெடுத்தால் சரியாகிவிடும் என்று எழுதிக் கொடுத்தார். ஐந்தாம் நாள் பாதம் செருப்பில் நுழையவில்லை. ஏழாம் நாள் அவளுடைய கணவர், வேன் ஓட்டுகிறவர், ஒரு பலகையில் இரண்டு பெல்ட்டை ஆணியடித்து அவள் கழுத்தில் மாட்டிவிட்டார். அதில் அட்டைகளை வைத்து நடந்துகொண்டே எழுதலாம். "இப்படியே போனா நீ ஒரு மாசம் தாங்க மாட்ட" என்று மட்டும் சொல்லிவிட்டு, ஆணி சரியாக இறங்கியிருக்கிறதா என்று இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார்.

தன் கால்களுக்கு ஏன் இந்த கதி என்பது எட்டாம் நாள் புரிந்தது. சுவரில் ஒட்டியிருந்த முன்பக்க அச்சுப்படியை அவள் பதின்மூன்று தடவை திருத்தியிருக்கிறாள், எழுத்து எழுத்தாக, படித்ததில்லை. அன்றுதான் படித்தாள். பொருளடைவு: காண்க, தலைமை ஆசிரியர். அவளுக்கும் எங்கேயும் ஒரு பக்கம் இல்லை.

பொருளடைவு அச்சேற இன்னும் எட்டு நாள். விதியைத் தூக்கி ஒரு பக்கம் வைத்துவிட்டு, ஒவ்வொரு பெண்ணுக்கும் தனி அட்டை போட முடிவு செய்தாள். தங்கள் பக்க எண் அந்தப் பெண்களுக்கே தெரியாது. ஆனால் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று தெரியும். எனக்கு மேலே ஒரு யானைப் படம், காலடியில் மூன்று வரி அடிக்குறிப்பு என்பாள் ஒருத்தி. அட்டைக்காரி அவளோடு நடந்தபடியே தொகுதியைப் புரட்டி எண்ணைக் கண்டுபிடிப்பாள். எண் எழுதி மை காய்ந்ததும் அந்தப் பெண் ஒரு பெருமூச்சு விட்டு, கிடைத்த இடத்தில் உட்கார்ந்துவிடுவாள். துறவி தன் கதையை விரலால் காற்றில் எழுதிக் காட்டினாள். வேறு வேறு காவியங்களில் கடத்தப்பட்ட ஒருத்திதான் தகராறு செய்தாள். "எட்டுப் பேர் தூக்கிட்டுப் போயிருக்கானுங்க. ஒரே ஒரு நம்பரைக் குடுத்து ஒக்கார வச்சிரலாம்னு பாக்கறியா?" என்று இடுப்பில் கை வைத்தாள். எட்டு எண்களையும் எழுதிய பிறகுதான் உட்கார்ந்தாள். பதினைந்தாம் நாள் கணக்கெடுத்தபோது ஆயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் நாற்காலி, மேஜை, ஜன்னல் திட்டு, மாடிப்படி என்று நிறைந்திருந்தார்கள். நடந்துகொண்டிருந்தது அட்டைக்காரி ஒருத்திதான்.

பன்னிரண்டு பக்கப் பொருளடைவு அறுபத்தொரு பக்கமாக வீங்கியிருப்பதை காண்க சார் மறுநாள் காலையில் பார்த்தார். அவருக்கு உட்கார வழியில்லை. அவர் நாற்காலியில் அரசி இருந்தாள். நின்றபடியே சிவப்புப் பேனாவை எடுத்து, மேலாக இருந்த துறவியின் எண்ணை அடித்தார். துறவி எழுந்தாள். அவளைப் பார்த்து அந்த வரிசை எழுந்தது, அப்புறம் மாடிப்படி எழுந்தது. ஆயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு பேரும் ஒரே சமயத்தில் நடக்க, கூரைக் காரை பொலபொலவென்று உதிர்ந்தது. கீழேயிருந்து அச்சு மிஷின்காரர் மை படிந்த கையோடு ஓடி வந்தார்.

"சார், அவங்கள ஒக்கார விடுங்க. கீழ மிஷின் ஆடுது. எழுத்தெல்லாம் ரெண்டு ரெண்டா விழுது."

காண்க சார் காரைத் தூளைத் தலையிலிருந்து தட்டிவிட்டு, அடித்த எண்ணைத் திரும்ப எழுதி, அறுபத்தொரு பக்கத்துக்கும் கையெழுத்துப் போட்டார். எல்லோரும் பழைய இடத்தில் உட்கார்ந்தார்கள். அப்போது அட்டைக்காரி, அவரைச் சுற்றி நடந்தபடியே, தனக்கும் ஒரு பக்கம் வேண்டும் என்றாள். ஊழியர் பெயர் எந்தப் புத்தகத்திலும் வந்ததில்லை, முன்பக்கம் வேறு அச்சாகிவிட்டது, விதி என்று ஒன்று இருக்கிறது என்று அவர் அடுக்கினார்.

"விதி உங்களோடது சார்" என்றாள் அட்டைக்காரி. "கால் என்னோடது."

அவர் அவளுடைய பாதங்களைப் பார்த்தார். பார்த்துவிட்டு வேறு எங்கே பார்ப்பது என்று தெரியாமல் மிஷின்காரரைப் பார்த்தார். மிஷின்காரருக்குக் காகிதப் பாஷைதான் தெரியும். ஒரு தாளை மடித்தால் பதினாறு பக்கம், அறுபத்தொன்றுக்கு நாலு தாள், ஆக அறுபத்துநாலு, கடைசி மூன்று பக்கம் சும்மா வெள்ளையாகப் போகிறது, அதில் ஒரு வரி ஏற்றினால் யார் கேட்கப் போகிறார்கள் என்று அவர் விளக்கினார். காண்க சார் உட்கார ஏதாவது கிடைக்குமா என்று ஒரு முறை சுற்றிப் பார்த்தார். கிடைக்கவில்லை.

"சின்ன எழுத்துல போடுங்க" என்றார்.

சின்ன எழுத்தில்தான் போட்டார்கள். மிஷின் அறையில் முதல் தாள் வெளியே வந்தபோது மணி பன்னிரண்டரை. ஐந்நூற்று எழுபத்திரண்டாம் பக்கம்: பொருளடைவைச் செய்தவர் என்று இருந்தது, கீழே அவள் முழுப் பெயர். மிஷின்காரர் அந்தப் பெயரை உரக்கப் படித்துவிட்டு, இது யார் என்று கேட்டார். அட்டைக்காரி, அங்கே அடுக்கியிருந்த காகிதக் கட்டின் மேல் மெதுவாகச் சாய்ந்தாள், அப்புறம் உட்கார்ந்தாள். கால்கள் எழவில்லை. சாப்பாட்டுப் பாத்திரத்தோடு வந்த கணவர் வாசலிலேயே நின்று ஐந்து நிமிஷம் பார்த்தார். பிறகு பக்கத்தில் வந்து உட்கார்ந்து, பலகையை அவள் கழுத்திலிருந்து கழற்றி அதன் மேல் பாத்திரத்தைத் திறந்தார்.

புத்தகம் ஏழு பதிப்பு கண்டது. ஒன்பது தொகுதியும் வாங்கிய வீடுகளில் இன்றைக்கும் உட்கார இடம் போதுவதில்லை. சோபாவில் யாராவது ஒரு அரசி இருப்பாள், மாடிப்படியில் நாலைந்து துறவிகள். வருகிற விருந்தாளிகள் கொஞ்சம் தள்ளிக்கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொள்கிறார்கள், அவர்களும் தள்ளிக்கொள்கிறார்கள். இதுவரை யாரும் பதிப்பகத்துக்குப் புகார் எழுதியதில்லை. புதிதாக வீடு கட்டுகிறவர்கள் கூடத்தை இரண்டடி நீளமாக வைத்துக்கொள்கிறார்கள்.