நிஸ்தோர் வீட்டு வேலி

அறுபத்துநான்காம் ஆண்டு இக்நாத் திருநாளன்று, நிஸ்தோர் வீட்டுப் பன்றி காலை எட்டு மணிக்கும் மதியத்துக்கும் நடுவில் நான்கு முறை கொல்லப்பட்டது. நான்கு முறையும் எழுந்துபோய், தொட்டியில் மிச்சம் கிடந்த மக்காச்சோளக் கூழைக் குடித்தது. அன்று மியெர்லா மலையில் முழங்கால் அளவு பனி. மண்ணெண்ணெய் வந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. உப்பு மட்டும் தட்டில்லாமல் கிடைத்தது. கிறிஸ்துமஸுக்கு ஐந்து நாள் முன்னால் வரும் இக்நாத் அன்றுதான் எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வீடு பன்றி வெட்டுவார்கள். உப்புக்கண்டம் போட்டு, புகையில் தொங்கவிட்டு, கொழுப்பை உருக்கி ஜாடியில் ஊற்றிவிட்டால் மே மாதம் வரை கவலை இல்லை. வெட்டாத வீட்டுக்கு முட்டைக்கோஸும் கூழும்தான் கதி. அதுவும் பிப்ரவரியில் தீர்ந்துவிடும்.

வெட்டும்போது வேலிக்குள் நிற்கிற யாரும் அந்த உயிருக்காக இரக்கப்படக் கூடாது. பட்டால் அது சாகாது. வேலிக்கு வெளியே நின்று எவ்வளவு வேண்டுமானாலும் பட்டுக்கொள்ளலாம், அதனால் ஒரு பாதிப்பும் கிடையாது. முப்பத்தொன்றில் மலைக்கு அந்தப் பக்கம் ஒரு வாத்து இரண்டு நாள் தலையில்லாமல் நடமாடியதற்குக் காரணம், பிறந்தகத்துக்கு வந்திருந்த ஒரு பிள்ளைத்தாய்ச்சி. அவளை வண்டியில் ஏற்றி அனுப்பியதும் வாத்து விழுந்தது. அதனால்தான் கசாப்புக்காரர் பம்ஃபில் கத்தியை எடுப்பதற்கு முன் மூன்று முறை சத்தமாகக் கேட்பார். மனசு இளகினவர்கள் தாங்களாகவே வெளியே போய்விடுவார்கள். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

நிஸ்தோரின் மனைவி பராஸ்கா அன்று வெளியே போகவில்லை. அவளுக்குப் பன்றி மேல் எந்தப் பிரியமும் இல்லை. அக்டோபரில் பிளம் பழத்தைக் கொப்பரையில் போட்டு, இரண்டு பகல் நின்ற இடத்தில் நின்று கிளறிப் பாகு எடுத்தவள் அவள். அடுத்த வாரம் எழுபது முட்டைக்கோஸ்களைப் பீப்பாயில் உப்புநீரில் அமுக்கினாள். அதற்கும் அடுத்த வாரம் பன்றிக்குப் பூசணி வெட்டும்போது இடது கைச் சுண்டுவிரல் பூசணியோடு போய்விட்டது. துணியைச் சுற்றிக்கொண்டு அவள் வாசலுக்கு வந்தபோது நிஸ்தோர் கோடரிக்குப் பிடி போட்டுக்கொண்டிருந்தான். நிமிர்ந்து பார்த்தான்.

"இன்னும் ஒம்போது இருக்கே," என்றான். திரும்பவும் பிடியைச் செதுக்க ஆரம்பித்தான்.

பராஸ்காவுக்கு இது புதிதில்லை. இருபத்திரண்டு வருஷத்தில் அந்த மனிதன் "உனக்கு என்ன செய்யுது" என்று ஒருமுறை கேட்டதில்லை. முதல் பத்து வருஷம் அழுதாள். அப்புறம் ஒரு முடிவுக்கு வந்தாள்: சிலருக்குக் காது கேட்காது, சிலருக்குக் கண் தெரியாது, இவனுக்கு இரக்கம் கிடையாது, ஆண்டவர் வைக்க மறந்துவிட்டார். இல்லாதவனிடம் கேட்டு என்ன ஆகப்போகிறது? இந்த ஒரு முடிவை வைத்துக்கொண்டுதான் அவள் மீதி வருஷங்களை ஓட்டினாள். அது அவளுடைய நிம்மதி. அது மட்டும் கையைவிட்டுப் போனால் அவளுக்கு நிற்க இடமில்லை.

விரல் போனதால் பன்றிக்குத் தீனி வைக்கிற வேலை நிஸ்தோர் தலையில் விழுந்தது. நவம்பர் முழுவதும், பனி விழுந்து மலை வெளுக்கும்வரை, அவன்தான் காலையும் மாலையும் கூழ்வாளியைத் தூக்கிக்கொண்டு கொட்டடிக்குப் போனான். முனகிக்கொண்டேதான் போனான். திரும்பி வர மட்டும் நேரமாகும். அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இக்நாத் அன்று முதல் குத்திலேயே பன்றி சாய்ந்தது. ரத்தத்தைப் பாத்திரத்தில் பிடித்தார்கள். வைக்கோலைப் போட்டுக் கொளுத்தி, மயிரைப் பொசுக்கிச் சுரண்டினார்கள். வழக்கப்படி வாலையும் ஒரு காதையும் அறுத்துப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளிடம் கொடுத்தார்கள். அவர்கள் மென்றுகொண்டிருக்கும்போதே பன்றி எழுந்தது. கரிபிடித்த உடம்பிலிருந்து ஆவி பறக்க, ஒற்றைக் காதோடு தொட்டிப் பக்கம் நடந்தது.

"யாருய்யா அது உள்ள நின்னு பரிதாபப்படுறது?" என்று பம்ஃபில் கத்தினார். "மரியாதையா வெளிய போயிருங்க. எனக்கு இன்னும் ஆறு வீடு கெடக்கு!"

வைக்கோல் புகையில் பராஸ்காவின் கண்ணில் நீர் வழிந்தது. எல்லோரும் அவளையே பார்த்தார்கள்.

"புகைங்க," என்றாள் அவள்.

"இவதான்," என்றான் நிஸ்தோர், கையை நீட்டி. "வேற யாரு?"

"போங்க மதினி," என்றார் பம்ஃபில் கொஞ்சம் தணிந்து. "கண்ணு கலங்கிச்சுன்னா அதுக்குப் புகையின்னு பேரா? அந்தப் பக்கம் நின்னு ஆசை தீர அழுங்க. நாங்க ஒண்ணும் சொல்ல மாட்டோம்."

வேலிக்கு வெளியே போய் நின்றாள். இரண்டாவது குத்துக்கும் பன்றி சாகவில்லை. பக்கத்து வீடு அரைமைல் தள்ளி, அங்கே அவளை அனுப்பினார்கள். மூன்றாவதும் பலிக்கவில்லை. மகள் சவேதாவையும் கூடவே அனுப்பினார்கள். நான்காவது குத்துக்குப் பிறகு பம்ஃபில் கத்தியைத் துடைத்து உறையில் போட்டுக்கொண்டு ஒரு குவளை சாராயம் வாங்கிக் குடித்தார். தன் தொழிலில் இப்படி ஒரு இளகின மனசுக்காரியைப் பார்த்ததில்லை என்றும், இவளுடைய இரக்கம் அரைமைல் தாண்டி வருகிறது என்றும், இவளை மலைக்கு அந்தப் பக்கம் அனுப்பினால்தான் இந்த வீட்டுக்கு விமோசனம் என்றும் சொன்னார். நிஸ்தோர் தொட்டிப் பக்கம் திரும்பிக்கொண்டான். பராஸ்கா கம்பளிச் சால்வையைத் தலையில் போட்டுக்கொண்டு, அடுத்த பள்ளத்தாக்கில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் பதினான்கு கிலோமீட்டர் பனியில் நடந்தாள். விரல் இல்லாத இடம் வழியெல்லாம் குத்தியது. எனக்கு இதைச் சொல்லும்போதுகூட அந்த மனிதன் மேல் ஆத்திரம் வருகிறது.

அவள் போன பிறகும் பன்றி சாகவில்லை. இருபத்தொன்றாம் தேதி ஒரு குத்து, இருபத்திரண்டில் இரண்டு. ஏழு காயத்தோடு அது முற்றத்தில் உலாவியது. நன்றாகவே சாப்பிட்டது. சவேதா பால்வண்டிக்காரனிடம் சொல்லி அனுப்பினாள்: "அம்மா, நீ இல்லாமலும் சாகல. அப்போ நீ இல்ல. வீட்டுக்கு வா."

இருபத்துநான்காம் தேதி காலையில் கிளம்பி, மதியத்துக்குள் பராஸ்கா வந்து சேர்ந்தாள். மேட்டுப் பாதை கொட்டடிக்குப் பின்பக்கமாக இறங்கும். பலகை இடுக்கில் பேச்சுக்குரல் கேட்டு நின்றாள். உள்ளே நிஸ்தோர் வைக்கோலில் உட்கார்ந்திருந்தான். செருப்புத் தைக்கிற நூலால் பன்றியின் கழுத்துக் காயத்தைத் தைத்துக்கொண்டிருந்தான். அவனுடைய ஆட்டுத்தோல் மேலங்கி பன்றியின் மேல் கிடந்தது.

"வலிக்குதாடா ராசா?" என்றான். "கொஞ்சம் பொறுத்துக்க. ஆச்சு, இன்னும் ரெண்டே தையல். என் கண்ணுல்ல?"

பராஸ்கா அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். பனி பாவாடைக்குள் ஏறியது. இருபத்திரண்டு வருஷம் எந்தக் குரல் இவனிடம் இல்லை என்று நம்பினாளோ, அது இருந்தது. தேன் மாதிரி இருந்தது. முதலில் வந்தது கோபம்கூட இல்லை, வெட்கம். யாரோ தன்னை இத்தனை காலம் ஏமாற்றித் தின்றதைக் கண்டுபிடித்தவளின் வெட்கம். அப்புறம்தான் அடுத்த நினைப்பு வந்தது. அது வந்ததும் எழுந்து உள்ளே போனாள்.

பதினொரு வருஷத்துக்கு முன் ஒரு நவம்பரில் அவர்களுடைய மகன் இலியே, இரண்டு வயது, தொண்டை அடைத்து மூன்று நாள் கிடந்து இறந்தான். அந்த மூன்று நாளும் நிஸ்தோர் வீட்டுக்குள் காலெடுத்து வைக்கவில்லை. வேலிக்கு வெளியே நின்று அதைச் சரிசெய்துகொண்டிருந்தான். சுத்தியல் சத்தம் குழந்தையின் மூச்சுக்கு நடுவே கேட்டுக்கொண்டே இருந்தது. கத்தியைத் தடுக்கிற சாதாரண இரக்கம் நோய்க்குப் போதாது; கூடவே இருந்த அவளுடையது போதவில்லை. ஆனால் ஏழு குத்து வாங்கிய பன்றியை உயிரோடு நிறுத்தி வைக்கிற இரக்கம் இவனிடம் இருந்திருக்கிறது.

"பன்னிக்குப் பரிதாபப்படுறியே," என்றாள். அன்றுதான் முதல் தடவையாக அவனை ஒருமையில் பேசினாள். "என் புள்ளைக்கு ஏன்டா படல?"

நிஸ்தோர் ஊசியைக் கீழே வைத்தான். பொய் சொல்கிற தைரியம் அவனுக்கு அப்போது இல்லை.

"பட்டேன்," என்றான். "வேலிக்கு வெளிய நின்னு பட்டேன். உள்ள வந்து அவன் மூஞ்சியப் பார்க்க பயமா இருந்துச்சு, பராஸ்கா. தாங்க மாட்டேன்னு தோணுச்சு."

"இதை மட்டும் தாங்கிட்டியா?"

"இது பன்னிதான? பன்னிக்குத்தானன்னு உள்ளயே நின்னுட்டேன்."

"என்னை மலை தாண்டி அனுப்பினியே. உனக்குத் தெரியும்தான, நான் இல்லைன்னு?"

பன்றி அவன் கையை முகர்ந்துவிட்டு, மேலங்கிக்குள் இன்னும் கொஞ்சம் ஒடுங்கிக்கொண்டது.

"பம்ஃபிலைக் கூட்டியாரச் சொல்லு," என்றாள் பராஸ்கா. "நாளைக்குப் பண்டிகை. எனக்குக் கறி வேணும். நீ எந்திரிச்சு வேலிக்கு வெளிய போ."

அவன் கெஞ்சினான். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவன் எதற்கும் கெஞ்சி யாரும் பார்த்ததில்லை. அந்த வேலிக்குள் அப்போது இரக்கம் என்று ஏதாவது இருந்தால் அது நிஸ்தோரிடம் மட்டும்தான் இருந்தது. கடைசியில் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வெளியே போய்ச் சாலையில் நின்றான். பம்ஃபில் கத்தியை வைத்ததுதான் தாமதம், பன்றி சின்னதாக ஒரு பெருமூச்சு விட்டுப் படுத்துக்கொண்டது. முதல் வறுவலைச் சட்டியோடு நடுவில் வைத்து வேலை செய்தவர்கள் எல்லோரும் சுற்றி நின்று சாப்பிட்டார்கள். நோன்பு நாள்தான், ஆனால் பன்றியின் பேரில் கொடுக்கிற அந்தச் சாப்பாட்டுக்குப் பாதிரியாரே விலக்குக் கொடுப்பார். நிஸ்தோரின் பங்கை சவேதா வேலிக்கு மேலே நீட்டினாள். அவன் சாப்பிட்டானா, நாய்க்குப் போட்டானா தெரியாது. தட்டு காலியாகத் திரும்பி வந்தது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு இக்நாத் அன்றும் ஊரில் கடைசிப் பன்றி விழும்வரை நிஸ்தோர் சாலையிலேயே நிற்க வேண்டும் என்று ஏற்பாடாயிற்று. அவனும் மறுக்கவில்லை. சாகக் கிடக்கிறவர்களின் வீட்டிலிருந்து ஆள் வந்து, "சும்மா உள்ள வந்து ஒரு மணிநேரம் உக்காருங்க அண்ணே, மகன் பட்டாளத்துலேர்ந்து வர்ற வரைக்கும்" என்று கேட்பார்கள். ஒருமுறை பாதிரியார் தன் தாய்க்காகக் குதிரைவண்டியே அனுப்பினார். அவன் ஏறவில்லை. எந்த நோயாளி வீட்டு வேலியையும் அவன் தாண்டவில்லை. சவேதா கல்யாணமாகிக் கீழ் ஊருக்குப் போனாள். புருஷனும் பெண்டாட்டியும் இருபத்துமூன்று வருஷம் ஒரே மேசையில் சாப்பிட்டார்கள். அவள் திரும்பவும் "நீங்க" என்று கூப்பிட ஆரம்பித்தாள்; பழக்கம்தான், மன்னிப்பு இல்லை.

எண்பத்தேழில், முட்டைக்கோஸ் அமுக்குகிற வாரத்தில், பராஸ்கா பீப்பாய்ப் பக்கத்திலேயே சுருண்டு விழுந்தாள். வயிற்றில் கட்டி. நகரத்து டாக்டர் அழுத்திப் பார்த்துவிட்டு, முதல் பனி விழும்வரை தாங்கும், அதற்குமேல் எதிர்பார்க்காதீர்கள் என்றார். சவேதா வந்து அம்மாவைப் பார்த்துக்கொண்டாள். நிஸ்தோருக்கு அப்போது எழுபது வயது. அவன் வேலிக்கு வெளியே நின்று அதில் ஆணி அடித்துக்கொண்டிருந்தான். ஜன்னல் வழியாக அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு பராஸ்கா மூன்று நாள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். இந்த முறை அவள் எதையும் கேட்கப்போவதில்லை என்று வைத்திருந்தாள். ஆனாலும் ஒவ்வொரு முறை சுத்தியல் நிற்கும்போதும் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். திரும்பவும் அடிக்கிற சத்தம் கேட்டதும் விட்டாள்.

நான்காம் நாள் மதியம் முதல் பனி இறங்கியது. பாதிரியார் வந்து சடங்கை முடித்தார். சவேதா அம்மாவின் கையில் மெழுகுவர்த்தியை ஏற்றி வைத்தாள். அப்போது கதவு திறந்தது. நிஸ்தோர் பூட்ஸைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டு உள்ளே வந்தான். கட்டிலருகே முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, மனைவியின் முகத்தை நேராகப் பார்த்தான்.

"வலிக்குதா?" என்றான்.

மெழுகுவர்த்தி அடிவரை எரிந்து முடிந்தது. இன்னொன்று ஏற்றினார்கள். கடையில் மெழுகுவர்த்தி அப்போது சுலபத்தில் கிடைக்காது. பக்கத்து வீடுகளில் கேட்டு வாங்கிப் பதினொன்று ஏற்றிய பிறகு பாதிரியார் வேறு வேலை இருப்பதாகச் சொல்லிக் கிளம்பினார். வசந்தத்தில் டாக்டர் ஒருமுறை வந்தார். நாடியைப் பார்த்தார், முக்காலியில் உட்கார்ந்திருந்த மனிதனைப் பார்த்தார். அவரும் மலைக்காரர்தான். எதுவும் எழுதாமல் பையை மூடினார்.

இதெல்லாம் நடந்து ஒன்பது குளிர்காலம் ஆகிறது. கட்டி வளர்ந்துகொண்டுதான் இருக்கிறது. வலி பொறுக்க முடியாதது. பராஸ்கா தலையணையைக் கடித்துக் கிழிப்பதால் வருஷத்துக்கு இரண்டு தலையணை தைக்க வேண்டியிருக்கிறது. நிஸ்தோர் முக்காலியை விட்டுக் கொல்லைக்குப் போக மட்டும் எழுந்திருக்கிறான்; கொல்லையும் வேலிக்கு உள்ளேதான். ஊரில் யாரும் இதைப் பற்றி இப்போது பேசுவதில்லை. வழியோடு போகிறவர்கள் கொஞ்சம் சூப்போ ரொட்டியோ கொடுத்துவிட்டுப் போவார்கள். முதல் பனி விழுகிற அன்று சவேதா கீழ் ஊரிலிருந்து ஏறி வந்து, அம்மாவின் முகத்தைத் துடைத்துவிட்டு, காதோரம் குனிந்து கேட்பாள்:

"அம்மா, அப்பாவை ஒரு அஞ்சு நிமிஷம் வெளிய அனுப்பவா?"

பராஸ்கா வலி கொஞ்சம் அடங்கும்வரை காத்திருந்து பதில் சொல்வாள்.

"இருக்கட்டும்டி. இப்பத்தான உள்ள வந்திருக்காரு."