தோல் வாஷர் ஒன்று

அந்தக் கோடவுனில் அவருக்கு அட்ரஸ் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. தண்ணீர் பம்புக்கான உதிரி பாகங்கள் அங்கே பன்னிரண்டாயிரம் வகை. எதைக் கேட்டாலும் எந்த வரிசை, எத்தனையாவது தட்டு, இடப்பக்கமா வலப்பக்கமா என்று டீ குடித்துக்கொண்டே சொல்வார். சொல்வதோடு சரி. சாமான் கையில் வந்து சேர இருபது நிமிஷம் ஆகும். ஏணியைத் தேட ஐந்து, ஏற ஐந்து, ஏறிய பிறகு அது அடுத்த வரிசை என்று ஞாபகம் வர ஐந்து, இறங்க ஐந்து. இதை யாரும் குறையாகச் சொன்னதில்லை. அவர் ஒரு நாள் லீவு போட்டால் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போலக் கோடவுனே திணறும் என்று எல்லோருக்கும் தெரியும். அவருக்கு இன்னும் நன்றாகத் தெரியும்.

போன வருஷம் மெஷின் வந்தது. கூரையை முட்டும் இரும்பு அடுக்குகள் இரண்டு வரிசை, நடுவே தண்டவாளத்தில் ஓடும் ஒரு கிரேன், பதினைந்தாயிரம் நீலப் பெட்டிகள், எல்லாவற்றையும் சுற்றி ஒரு கம்பிக் கூண்டு. கூண்டுக்குள் மனிதர் யாரும் போகக் கூடாது. கதவைத் திறந்தால் கரண்ட் நின்று, சங்கு ஊதி, திறந்தவர் பெயர் மேனேஜரின் கம்ப்யூட்டரில் ஏறிவிடும். கூண்டுக்கு வெளியே இரண்டு ஜன்னல்கள். ஆர்டர் வந்ததும் கிரேன் ஓடிப்போய்ப் பெட்டியை எடுத்து வந்து ஒரு ஜன்னலில் வைக்கும். எத்தனை எடுக்க வேண்டும் என்று திரையில் வரும். எடுத்துக்கொண்டு பச்சை பட்டனைத் தட்டினால் பெட்டி திரும்பிப் போய்விடும். மொத்தம் ஒன்றரை நிமிஷம்.

உள்ளதைச் சொல்ல வேண்டும், மெஷின் நன்றாகவே வேலை செய்தது. வால்வு கேட்டவருக்கு நட்டு போய்ச் சேர்கிற சங்கதி மாதம் நாற்பதிலிருந்து ஒன்றுக்கு இறங்கியது. ஏணியிலிருந்து யாரும் விழவில்லை, ஏனென்றால் ஏணியே இல்லை. கூடம் முழுக்க அடைத்துக்கொண்டிருந்த சரக்கு கால்வாசி இடத்தில் அடங்கிவிட்டது. மிச்ச இடத்தில் ஃபோர்க்லிஃப்ட் டிரைவர் எட்டுப் போட்டுப் பழகினார். அட்ரஸால் பொறுத்துக்கொள்ள முடியாதது ஒன்றே ஒன்றுதான். எடுத்த பெட்டியை மெஷின் எடுத்த இடத்தில் வைப்பதில்லை. அடிக்கடி கேட்கிற சாமானை முன்னால் கொண்டுவரும், யாரும் சீந்தாததைப் பின்னால் தள்ளும், தினமும் மாற்றும்.

"ஒரு நிலையான இடம் இல்லாம எப்படிம்மா குடித்தனம் நடத்துறது?" என்று மெஷினை நிறுவிய எஞ்சினியரம்மாவிடம் கேட்டார்.

"எது எங்கேன்னு அதுக்குத் தெரியும் சார். நமக்கு எதுக்கு?" என்றாள் அவள்.

அவரை வேலையை விட்டு அனுப்பவில்லை. முதல் ஜன்னலில் உட்கார வைத்தார்கள். இரண்டாவது ஜன்னலுக்கு ஆள் தேவைப்பட்டது. அவருடைய மனைவி விண்ணப்பித்தார். பரீட்சை கிரீட்சை எதுவும் கிடையாது, கண்ணை மட்டும்தான் சோதிப்பார்கள் என்று மூன்று தடவை கேட்டு உறுதி செய்துகொண்ட பிறகு விண்ணப்பித்தார். வேலையில் சேர்ந்த முதல் நாளே எல்லோருக்கும் அவர் அண்ணி ஆகிவிட்டார். பெட்டி வந்து உட்கார்ந்து மூச்சு விடுவதற்குள் அண்ணி அதைத் திருப்பி அனுப்பியிருப்பார். அட்ரஸ் ஒவ்வொரு நட்டையும் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, இரண்டு தடவை எண்ணி, எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொரு தடவை எண்ணுவார். அவர் ஜன்னலில் எந்நேரமும் நாலு பெட்டி வரிசையில் நிற்கும்.

பரீட்சை என்றால் அண்ணி பின்வாங்குவதற்குக் காரணம் உண்டு. பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒன்று எழுதினார். ஆறு மணி நேரப் பயணத்தில் இருந்த வேறொரு ஊரில், பெரிய மருந்துக் கிடங்கு ஒன்றில் சரக்கு மேற்பார்வை வேலை. எட்டு மாதம் பாத்திரம் கழுவும்போதும் புத்தகத்தைப் பக்கத்தில் சாய்த்து வைத்துப் படித்தார். முடிவு வரவே இல்லை. வராவிட்டால் ஃபெயில் என்றுதானே அர்த்தம். "விடும்மா, எல்லாருக்குமா கிடைச்சிடுது?" என்று அட்ரஸ் ஆறுதல் சொன்னார். அதற்குப் பிறகு அண்ணி எந்த விண்ணப்பத்தையும் வாங்கி நிரப்பவில்லை.

முடிவு வந்திருந்தது. அப்போது வீடு மாறிக்கொண்டிருந்த சமயம், அதனால் அண்ணி கோடவுன் விலாசத்தைக் கொடுத்திருந்தார். கடிதம் அட்ரஸ் கைக்கு வந்தது. பிரித்துப் படித்தார். வேலை கிடைத்துவிட்டது, பதினைந்து நாளில் வந்து சேர வேண்டும் என்று இருந்தது. அங்கே போனால் தான் யார் என்று யோசித்தார். பம்பு உதிரி பாகம் பன்னிரண்டாயிரத்தின் இருப்பிடமும் தெரிந்த மனிதரை அந்த ஊரில் ஈ, காக்கை சீண்டாது. நாளைக்குச் சொல்லலாம் என்று மடித்து வைத்தார். அடுத்த நாளும் நாளைக்குத்தான். பதினைந்து நாள் ஓடிப்போயிற்று. அதற்கு மேல் சொன்னால் வீடு ரெண்டுபடும் என்று வாயை மூடிக்கொண்டார்.

வேறு யாராக இருந்தாலும் கடிதத்தைக் கிழித்துப் போட்டிருப்பார்கள். கோடவுன்காரருக்குக் கை வரவில்லை. வந்த எதையும் வீசாமல் அதற்கென்று ஓர் இடம் ஒதுக்கியே பழகிய மனிதர். கடிதத்துக்கும் ஒதுக்கினார். உற்பத்தி நின்றுபோன ஒரு பழைய கைப் பம்புக்கான தோல் வாஷர்கள் ஓர் அட்டைப் பெட்டியில் கிடந்தன. அதன் அடியில் வைத்தார். இதை எவனும் கேட்கப் போவதில்லை என்று கணக்குப் போட்டார். கணக்கு சரிதான், பதினோரு வருஷம் எவனும் கேட்கவில்லை.

சரக்கை மெஷினுக்குள் மாற்றிய வாரம் அவர் குடலிறக்க ஆபரேஷன் முடிந்து ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். அடுத்த மாதம்தான் என்று சொல்லியிருந்த வேலையை எஞ்சினியரம்மா முன்கூட்டியே முடித்து நல்ல பெயர் வாங்கிவிட்டாள். அட்டைப் பெட்டி அப்படியே ஒரு நீலப் பெட்டிக்குள் போய், நீலப் பெட்டி கூண்டுக்குள் போயிற்று. அதைவிடப் பத்திரமான இடம் உலகத்தில் கிடையாது என்று அட்ரஸ் மனதைத் தேற்றிக்கொண்டார்.

ஒரு திங்கட்கிழமை நோட்டீஸ் ஒட்டினார்கள். ஒரு வருஷமாக அசையாத சரக்கை எல்லாம் வெள்ளிக்கிழமை மெஷின் வெளியே எடுத்துத் தரும். பெட்டியைக் கவிழ்த்து எண்ணிக் கழித்துக்கட்ட வேண்டும். பொறுப்பு, இரண்டாவது ஜன்னல்.

அட்ரஸ் நோட்டீஸை மூன்று தடவை படித்தார். எஞ்சினியரம்மாவிடம் போனார்.

"ஏம்மா, நான் கூண்டுக்குள்ள போய் ஒரு சாமானைப் பாத்துட்டு வந்துடட்டுமா? அஞ்சே நிமிஷம்."

"என்ன சாமான் சார்?"

"சும்மா ஒரு சாமான்."

"சும்மா எல்லாம் உள்ள போக முடியாது சார். ஆர்டர் போட்டா அதுவே கொண்டுவந்து குடுக்கப் போகுது."

"எந்த ஜன்னலுக்குக் குடுக்கும்?"

"எந்த ஜன்னல் காலியா இருக்கோ அதுக்கு."

ஆக இரண்டு காரியம் ஆக வேண்டும். தோல் வாஷரை யாராவது கேட்க வேண்டும். கேட்கும் நேரத்தில் அவர் ஜன்னல் காலியாக இருக்க வேண்டும். முதல் காரியத்துக்குப் பம்பு மெக்கானிக் ஒருவருக்குப் போன் போட்டார். முப்பது வருஷ சிநேகம்.

"அந்த பம்புக்கா? அது இப்ப பூமியில எங்கய்யா இருக்கு?"

"எங்கேயும் இல்ல. நீ வாஷர் ஒண்ணே ஒண்ணு ஆர்டர் போடு. வியாழக்கிழமை காலையில பதினோரு மணிக்கு."

"வாங்கி நான் என்ன பண்ண?"

"வாயில போட்டு மெல்லு. ஆர்டர் போட்டா போதும்."

இரண்டாவது காரியம்தான் கஷ்டமானது. செவ்வாய்க்கிழமை காலை அட்ரஸ் வாழ்க்கையில் முதல்முறையாக வேகமாக வேலை செய்தார். நட்டை வெளிச்சத்தில் பார்க்கவில்லை. ஒரு தடவைதான் எண்ணினார். மதியத்துக்குள் அவர் ஜன்னலில் வரிசை கரைந்தது. சாயங்காலம் பெட்டிக்காக அவர் காத்திருந்தார். ஃபோர்க்லிஃப்ட் டிரைவர் வண்டியை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார். புதன்கிழமை அண்ணியையே முந்திவிட்டார். எஞ்சினியரம்மா அவருடைய வேகத்தைக் கொட்டை எழுத்தில் அச்சடித்துச் சுவரில் ஒட்டினாள்.

"என்னங்க, உடம்புக்கு ஏதும் செய்யுதா?" என்று அண்ணி அடுத்த ஜன்னலிலிருந்து எட்டிப் பார்த்துக் கேட்டார்.

"ஏன், நல்லா வேலை செஞ்சா உடம்பு சரியில்லன்னு அர்த்தமா?"

அன்று இரவுச் சாப்பாட்டில் அண்ணி மகளிடம், "உங்கப்பா கையப் பாக்கணுமே இன்னிக்கு! எனக்கே பெருமையா இருந்துச்சு" என்று சொன்னார். இந்த மனுஷியை நான் ஏமாற்றுகிறேன் என்று அட்ரஸ் நினைத்தார். வெட்கமாக இருந்தது. கடிதம் மட்டும் கையில் கிடைத்துவிட்டால் அதோடு எல்லாம் தீர்ந்துவிடும் என்றும் இருந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் இருந்தன.

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு அவர் ஜன்னலில் ஓர் ஆர்டர் வந்தது. நாற்பத்தாறு வகைச் சாமான். அது முடிவதற்குள் ஐம்பத்தொரு வகையில் இன்னொன்று. பெட்டிகள் ஆறு நின்றன. பக்கத்து ஜன்னலில் அண்ணி ஒன்றும் வராமல் மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"என்னம்மா இது? மெஷினுக்குப் பைத்தியம் பிடிச்சிடுச்சா?"

எஞ்சினியரம்மா வாயெல்லாம் பல்லாக வந்தாள். "இல்ல சார், பாராட்டு! உங்க வேகத்தைப் பாத்து மெஷினே கணக்கை மாத்திக்கிச்சு. பெரிய ஆர்டர் எல்லாம் இனிமே உங்களுக்கு. ஒண்ணு ரெண்டு கேக்குற சில்லறை ஆர்டர் எல்லாம் அண்ணிக்கு."

வேகமாக வேலை செய்கிறவன் தலையில் இன்னும் வேலை விழும் என்பது எந்த ஆபீசிலும் பியூன் வரைக்கும் தெரிந்த விஷயம். இருபத்தாறு வருஷம் நிதானமாக வேலை செய்த அட்ரஸுக்கு அது தெரிந்திருக்க வழியில்லை.

ஆர்டர் போட வேண்டாம் என்று சொல்லப் பத்தே முக்காலுக்கு மெக்கானிக்குக்குப் போன் போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி போட்டார். எடுக்கவில்லை. அந்த மனுஷன் ஆயுசில் எதையும் சொன்ன நேரத்துக்குச் செய்ததில்லை என்பது ஒன்றே ஆறுதலாக இருந்தது.

சரியாகப் பதினோரு மணிக்கு அண்ணியின் திரை விழித்துக்கொண்டது.

"தோல் வாஷர், ஒண்ணாம்! யாருங்க இதைக் கேக்குறது?"

அட்ரஸ் எழுந்து ஓடினார். "நீ போய் டீ குடிச்சிட்டு வா. இதை நான் பாத்துக்கிறேன்."

"உங்க ஜன்னல்லதான் ஆறு பெட்டி நிக்குது. எனக்கு இது ஒண்ணுதான் வேலை, அதையும் புடுங்குறீங்களே."

கிரேன் எங்கோ பின்னால், உயரத்திலிருந்து இறங்கும் சத்தம் கேட்டது. அதுவரை அந்த ஒன்றரை நிமிஷத்தை அவர் குறைச்சல் என்று நினைத்ததில்லை. அன்று கண் மூடித் திறப்பதற்குள் பெட்டி வந்து உட்கார்ந்தது. வாஷர்கள் காய்ந்து ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. பிரித்தெடுப்பதற்காக அண்ணி அட்டைப் பெட்டியை மேஜையில் கவிழ்த்துத் தட்டினார். வாஷர்களோடு பழுப்பேறிய உறை ஒன்று விழுந்தது. அண்ணியின் பெயர், கோடவுன் விலாசம்.

அண்ணி உறையிலிருந்து தாளை எடுத்துப் படித்தார். தேதியைப் பார்த்தார். மறுபடி முதலிலிருந்து படித்தார். அட்ரஸ் ஏதோ சொல்ல வாயெடுத்தார். "நாளைக்குச் சொல்லலாம்னு" என்பதோடு நின்றுவிட்டது.

அண்ணி ஒரு வாஷரைப் பிரித்துச் சின்ன பிளாஸ்டிக் பையிலிட்டு, கேட்டவர் பெயரை ஒட்டினார். மிச்சத்தை அள்ளிப் பெட்டியில் போட்டார். பச்சை பட்டனைத் தட்டினார். பெட்டி நகரவில்லை. போகும்போதும் வரும்போதும் மெஷின் பெட்டியை நிறுத்துப் பார்க்கும், பத்து கிராம் வித்தியாசம் கூட அதற்குத் தெரியும். திரையில் சிவப்பாக ஒரு கேள்வி வந்தது: எடை குறைகிறது, கூடுதலாக எடுக்கப்பட்ட பொருள் என்ன?

அண்ணி இரண்டு விரலால் நிதானமாக அடித்தார். கடிதம் ஒன்று. என்னுடையது.

மெஷின் ஒப்புக்கொண்டது. பெட்டி திரும்பிப் போயிற்று.

"முதல் இடம்னு போட்டிருக்கு" என்றார் அண்ணி. குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் அட்ரஸுக்குத் தேவலையாக இருந்திருக்கும். "நூத்திப் பதினேழு பேர் எழுதினதுல."

"தப்புதான். பெரிய தப்பு. என்னை என்ன வேணும்னாலும் சொல்லு."

"உங்களைச் சொல்ல எனக்கு இப்ப நேரமில்ல. போன மாசம் நம்ம பொண்ணு வந்து, பெரிய படிப்புக்குப் பரீட்சை எழுதட்டுமாம்மான்னு கேட்டா. உங்களுக்குத் தெரியாது. அதெல்லாம் நம்ம வம்சத்துக்கு வராது கண்ணு, வீணா ஏமாந்து போவேன்னு நான்தான் சொன்னேன். சரின்னு போயிட்டா. ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசல."

தான் மறைத்தது ஒரு கடிதம் மட்டுமே என்றுதான் அட்ரஸ் இத்தனை வருஷமும் நினைத்திருந்தார்.

"சாயங்காலம் அவளைக் கூப்பிட்டு முன்னால உக்கார வச்சு, இதை நீங்களே படிச்சுக் காட்டணும். தேதியில இருந்து கையெழுத்து வரைக்கும். சத்தமா" என்றார் அண்ணி.

"படிக்கிறேன்" என்று அவர் கையை நீட்டினார்.

அண்ணி கடிதத்தைத் தன் கைப்பையில் வைத்து ஜிப்பை இழுத்து மூடினார்.

"படிக்கும்போது தரேன். படிச்சு முடிச்ச உடனே என் கையில திருப்பிக் குடுத்துடணும்."