நடந்த உதாரணம்

அந்த அகராதி அலுவலகத்தில் ஒரு சட்டம் உண்டு: உதாரண வாக்கியம் உண்மையில் நடந்ததாக இருக்க வேண்டும். அன்று பதிப்பாசிரியையின் மேஜைக்கு வந்தது 'டிஸிபேட்' என்ற ஆங்கிலச் சொல். கலைந்து மறைவது ஒரு பொருள். கேளிக்கையில் மூழ்கித் தன்னையே வீணடிப்பது இன்னொன்று. இரண்டாவதற்கு உதாரணம் எழுத அவள் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. 'மனைவியின் பிறந்தநாளன்றும் அவன் விடிய விடியச் சீட்டாடிக் கூத்தடித்தான்' என்று எழுதி மெய்ப்புத் திருத்துபவருக்கு அனுப்பினாள். அவர் வேறு யாருமில்லை, அவள் கணவன்தான்.

தாள் திரும்பி வந்தபோது முதல் பொருளுக்கும் ஒரு வாக்கியம் சேர்ந்திருந்தது: 'அவன் மன்னிப்புக் கேட்டதும் அவள் கோபம் கலைந்தது.'

அவள் நேரே அவன் மேஜைக்குப் போனாள். "இது செல்லாது சார். நீங்க எப்போ கேட்டீங்க?"

"வீட்டுக்கு வந்து கேக்கறேன்மா. எல்லாரும் பாக்கறாங்க."

"அப்போ இந்தச் சொல் இன்னிக்கு அச்சுக்குப் போகாது."

அறையில் தட்டச்சுச் சத்தம் நின்றது. அவன் எழுந்து, எல்லோர் காதிலும் விழும்படி, "தப்பு என்னோடதுதான். மன்னிச்சுடு. சீட்டுக்கட்டை இனிமே நீயே வச்சுக்கோ," என்றான்.

அவள் 'கலைந்தது' என்பதை அடித்து, 'கலையத் தொடங்கியது' என்று திருத்திக் கையெழுத்திட்டாள்.

"இப்போ சரி," என்றாள்.